வாசல் பக்கம் இருந்தவர்கள்

ஒன்பது வயதில் நான் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். லீவு இல்லாத உத்தியோகம் அது. அரச அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களை வாசித்து அப்பாவுக்குச் சொல்வேன். பல் வைத்தியரிடம் அம்மாவுக்கு எந்தப் பல் நோகிறது என்று சொல்வேன். ஒருமுறை வகுப்பாசிரியை என்னைப் பற்றிச் சொன்ன முறைப்பாட்டைக்கூட நானேதான் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கொஞ்சம் திருத்திச் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டு ஆசிரியைக்கு நன்றி சொன்னார். ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் அவரும் சிரித்தார். இந்த வேலையில் இப்படியொரு வசதியும் உண்டு என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கொலோன் நகரத்தின் ஓரத்தில் ஐந்தாம் மாடியில் எங்கள் வீடு. அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றின் சலவையறையில் வேலை. அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில். இரண்டு பேருடைய வேலை நேரமும் ஒன்றையொன்று தேடி அலைந்ததே தவிரச் சந்தித்ததில்லை. நான் கழுத்தில் வீட்டுத் திறப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பாடசாலையால் வருவேன். சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுவேன். பிறகு ஜன்னலருகே நின்று கீழே கார்கள் வந்து நிற்பதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்புக் கார்களை மட்டும் எண்ணுவது ஒரு விளையாட்டு. அதற்கு இன்னொரு ஆள் தேவையில்லை.

ஆகவே அம்மாவின் தங்கச்சி ஊரிலிருந்து வருகிறார், எங்களோடுதான் இருக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டபோது வீட்டில் என்னைவிடச் சந்தோசப்பட்டவர்கள் யாருமில்லை. ஊரில் போர் முடிந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. போர் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாது. அது தொலைக்காட்சியில் வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார், அம்மா எழுந்து போய்விடுவார் என்பது மட்டும் தெரியும்.

சித்தி வந்தார். மெலிந்த, உயரமான ஆள். நான் என்னுடைய எல்லாச் சாமான்களையும் அவருக்குக் காட்டினேன். ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். கேட்டால் ஓம் என்பார், இல்லை என்பார், கோப்பையில் இன்னும் சோறு போடப் போனால் காணும் என்பார். அந்த மூன்று சொற்களோடு நான்கு மாதங்கள் போயின. நான் பாடசாலையால் வரும்போது குசினிக் கதிரையில் இருப்பார். என் சத்தம் கேட்டதும் எழுந்து சோறு போடுவார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தால் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். வீட்டில் ஆள் இல்லாமல் தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆள் இருக்கத் தனியாக இருப்பது புதிதாக இருந்தது.

"அவவைக் கரைச்சல்படுத்தாதை. களைச்சுப் போய் வந்திருக்கிறா," என்பார் அம்மா.

நான்கு மாதமாகத் தீராத களைப்பு என்ன களைப்பு என்று நான் யோசித்தேன்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை பஸ் ஒன்றை அமர்த்தி வயதானவர்களை எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் றைன் ஆற்றுக்கு அப்பால் மலைகளுக்கிடையில் இருக்கும் ஒரு பழைய துறவியர் மடத்தைப் பார்க்கப் போவதாக அறிவித்தார்கள். கோயில் என்றால் சித்தி வருவார் என்று அம்மா நினைத்தார். மன்னார்ப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள் இருவரும். ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர்கள். அம்மா, சித்தி, நான் என்று மூன்று பேரின் பெயரையும் கொடுத்திருந்தார். போகிற அன்று காலையில் தொலைபேசி அடித்தது. சலவையறையில் ஒருத்திக்குக் காய்ச்சலாம், அம்மா போக வேண்டும்.

அம்மா தன்னுடைய நீலக் கோட்டைச் சித்திக்கு மாட்டி, பொத்தான்களைப் போட்டுவிட்டார். பிறகு என்னிடம், "சித்தி பத்திரம்," என்றார். ஒன்பது வயதுக்காரியிடம் முப்பத்திரண்டு வயதுக்காரியை ஒப்படைத்தது அப்போது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

பஸ் முழுவதும் நரைத்த தலைகள். எங்களை வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு சரித்திர ஆசிரியை. கையில் ஊன்றுகோல் வைத்திருந்தார். ஆனால் அதை ஊன்றியதைவிட எதையாவது சுட்டிக்காட்டியதே அதிகம். எனக்கு ஒரு டொபி தந்தார். சித்திக்கும் ஒன்று நீட்டினார். சித்தி அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு பழைய மதில், அதில் ஒரு வாயில், உள்ளே பெரிய மரங்கள், வெட்டி விட்ட புல்வெளி. அந்தப் புல்வெளியின் ஒரு கோடியில் அது நின்றது. கோயில் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தது அங்கே இல்லை. பீடம் இருந்த பக்கத்து வளைந்த சுவர் மட்டும், இரட்டைத் தூண்களோடும் பாதிக் கூரையோடும், மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கூரை தூணோடு முறிந்த இடத்தில் கற்கள் பல்லுப் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காகம் உள்ளே போய் மேலால் வெளியே வந்தது.

சித்தி நடப்பதை நிறுத்திவிட்டார்.

ஆசிரியை தூண்களுக்கு முன்னால் எங்களை வட்டமாக நிறுத்தி விளக்கத் தொடங்கினார். அவர் சொன்னது இதுதான்: எண்ணூறு வருடங்களுக்கு முன் வெள்ளை அங்கித் துறவிகள் இதைக் கட்டினார்கள். இருநூறு வருடங்களுக்கு முன் அரசாங்கம் இப்படியான மடங்களையெல்லாம் மூடிச் சொத்துகளைத் தனதாக்கிக்கொண்டது. துறவிகள் பெட்டியோடு வெளியேறினார்கள். கட்டடத்தைக் கல்லுக்காக விற்றார்கள். வாங்கியவர்கள் வாசல் பக்கத்திலிருந்து தொடங்கி உடைத்துக் கற்களை வண்டி வண்டியாக எடுத்துக்கொண்டு போய் ஒரு கால்வாய் கட்டினார்கள். பீடத்துப் பக்கம் வருவதற்குள் வேலை நின்றுவிட்டது. அதனால் இது மிஞ்சியது. ஒருவரும் சாகவில்லை. ஒருவருக்கும் காயம்கூட இல்லை.

"என்னவாம்?" என்று கேட்டார் சித்தி.

நான் திடுக்கிட்டுப்போனேன். நான்கு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதலாவது கேள்வி அது.

ஆனால் என்னுடைய தமிழ் சோற்றுக்கும் சளிக்கும் சண்டைக்கும் போதுமான தமிழ். அரசுடைமைக்கும் கால்வாய்க்கும் அதில் இடமில்லை. "வித்துப்போட்டினமாம்," என்றேன்.

"எதை?"

"கோயிலை."

"கோயிலை ஆர் பிள்ளை விக்கிறது? வடிவாய்க் கேட்டுச் சொல்லு."

நான் மறுபடி கேட்கவில்லை. வடிவாகத்தான் கேட்டிருந்தேன். சித்தி அந்த முறிந்த கற்களைப் பார்த்துக்கொண்டே, "குண்டு தானே?" என்றார். அதைக் கேள்வியாகக்கூட அவர் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குச் சலிப்பாக இருந்தது. "ஓம் சித்தி," என்றேன்.

சித்தி என் கையைப் பிடித்தார்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவருடைய கை குளிர்ந்து, சொரசொரப்பாக இருந்தது. அந்தக் கை என்னைப் பிடித்ததும், நான் சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்கிற எண்ணமே எனக்கு இல்லாமல் போயிற்று. பாடசாலையிலிருந்து வீடு வரும் வழியில் மற்றப் பிள்ளைகள் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் சித்தியும் அந்தச் சுவரைச் சுற்றி அப்படி நடந்தோம். அவர் மறு கையால் தூண்களைத் தொட்டுத் தொட்டு வந்தார்.

"உள்ளுக்கை சனம் இருந்ததோ?"

"ஓம்."

"ஓடி வந்து இருந்தவையோ?"

"ஓம்."

"கன பேரோ? அவவைக் கேள்."

நான் ஆசிரியையிடம் போனேன். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி என் கையை விடாமல் பின்னால் நின்று எங்கள் இருவருடைய வாயையும் பார்த்தார். எதையாவது கேட்டே ஆக வேண்டும். "இந்தக் கோயில் எவ்வளவு நீளமாக இருந்தது?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டேன்.

ஆசிரியைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வந்தவர்களில் ஒருவர்கூடக் கேள்வி கேட்டிருக்கவில்லை. ஊன்றுகோலை உயர்த்தி, நாங்கள் நின்ற இடத்திலிருந்து புல்வெளி நெடுகக் காட்டினார். "அதோ, அந்த மரங்கள் தெரிகிறதா? அங்கேதான் பெரிய வாசல். இங்கிருந்து அங்கே நடந்து போகவே நேரமெடுக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு கல்லும் மிஞ்சவில்லை, பார்த்தாயா. எல்லாம் போய்விட்டது." கையை விசிறி அந்த வெறுமையைக் காட்டினார்.

"என்னவாம்? வாசல் பக்கத்தைக் காட்டுறாவோ?"

"ஓம். வாசல் பக்கம்."

"வாசல் பக்கம் இருந்தவை?"

"அவை செத்துப்போச்சினம்," என்றேன்.

சித்தியின் கை இறுகியது. அவருடைய கண்கள் நிறைந்துவிட்டதைக் கண்டேன். எனக்குப் பயம் பிடித்தது. அம்மா பத்திரம் என்று சொல்லி விட்ட ஆளை நான் அழ வைத்துவிட்டேன். கதையை எப்படியாவது நல்லதாக முடிக்க வேண்டும். பாடசாலையில் வாசிக்கும் கதைகளில் கடைசியில் யாராவது தப்பிவிடுவார்கள். எனக்கு முன்னால் அந்த உயர்ந்த சுவர் முழுதாக நின்றது.

"ஆனா சித்தி, இந்தப் பக்கம் இருந்த ஆக்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையாம்," என்றேன். "பீடத்துப் பக்கம் இருந்தவை எல்லாரும் தப்பிட்டினம்."

"எல்லாரும்?"

"எல்லாரும். சின்னப் பிள்ளையளும்."

சின்னப் பிள்ளைகளை நானாகத்தான் சேர்த்தேன். அது இன்னும் நன்றாக இருக்கும் என்று பட்டது.

சித்தி கையை விட்டார். நான் எதிர்பார்த்ததுபோல அவருடைய முகம் தெளியவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு அந்தச் சுவரின் அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு ஆசிரியையிடம் போய் அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றினார். "உங்கட சனத்துக்கும் நடந்ததோ, அம்மா," என்றார் தமிழில்.

ஆசிரியை பதறிவிட்டார். "உன் சித்திக்குச் சுகமில்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

"நன்றாக விளக்கினீர்களாம். நன்றி சொல்கிறார்," என்றேன்.

ஆசிரியை என்னையும் பார்த்தார், சித்தியையும் பார்த்தார். ஒரு நன்றிக்கு இவ்வளவு கண்ணீர் எதற்கு என்று நினைத்திருப்பார். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மறு கையால் சித்தியின் முதுகைத் தடவினார். சித்தி அவருடைய தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் என்னுடைய உதவி தேவைப்படாத ஒரே நேரம் அதுதான். நான் என் சப்பாத்து நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோரும் மதிலருகே இருந்த கடையில் கேக் சாப்பிடப் போனார்கள். சித்தி வரவில்லை. புல்வெளி நெடுக நடந்து, ஆசிரியை காட்டிய மரங்களுக்குக் கீழே போய் நின்றார். பிறகு முழங்காலில் இருந்தார். தூரத்திலிருந்து பார்க்க, அம்மாவின் நீலக் கோட்டு மட்டும் புல்லில் கிடப்பதுபோல இருந்தது. நான் தூண்களின் அடியில் ஒரு கல்லில் இருந்து காவல் காத்தேன். கூட்டத்தோடு போகவும் முடியாது, சித்தியிடம் போகவும் மனமில்லை. காற்று அந்தப் பாதிக் கூரைக்குள் வந்து ஒரு சத்தம் எழுப்பிவிட்டுப் போனது. ஒருமுறை "சித்தி!" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சுவர் என் குரலை வாங்கிப் பெரிதாக்கித் தந்தது. அவர் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் பின்வரிசையில் இடம் கிடைத்தது. ஆசிரியை கடதாசியில் சுற்றிய இரண்டு கேக் துண்டுகளைத் தந்துவிட்டுப் போனார். நான் என்னுடையதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தி பேசத் தொடங்கினார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"நாங்களும் ஒருக்கா கோயிலுக்குள்ள இருந்தனாங்கள், பிள்ளை."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"சரியான சனம். கால் நீட்ட இடமில்லை. பீடத்துப் பக்கம் இடமிருக்கு, பிள்ளையைக் கொண்டு வா எண்டு ஒரு அம்மா கூப்பிட்டவ. நான்தான் போகேல்லை. அவனுக்கு வேர்த்துக் கொட்டினது. வாசல் பக்கம் காத்து வரும் எண்டு அங்கை படுக்க விட்டனான். படுக்க விட்டிட்டுத் தண்ணி எடுக்கப் போனனான்."

"ஆரை, சித்தி?"

"என்ர மகனை."

அவருக்கு மகன் இருப்பது எனக்குப் புதுச் செய்தி. "எத்தினை வயசு?"

"ஆறு."

"அவருக்குக் காத்து வந்ததோ?"

"ஓம். நல்லாய் வந்தது. நான் போகேக்கை நித்திரையாய்ப் போட்டான்."

"அப்ப நல்லம்தானே," என்றேன்.

சித்தி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்படி நேராக அவர் பார்த்தது அன்றைக்குத்தான். நெடுநேரம் பார்த்தார். கடைசியில், "ஓம் பிள்ளை," என்றார். தன்னுடைய கேக்கையும் என் மடியில் வைத்தார்.

நான் சொன்ன கதை பிடிபடவில்லை என்ற நிம்மதியில் அதையும் சாப்பிட்டேன்.

அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்று அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குப் பதினான்கு வயது. சின்னப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்து வைத்திருந்தார்களாம். அம்மா சொல்லி முடித்ததும் நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். பீடத்துப் பக்கம், சின்னப் பிள்ளைகளும் என்று நான் சொன்ன சொற்கள் அப்போதுதான் எனக்கே கேட்டன. சித்தி இப்போது வேறொரு நகரத்தில் இருக்கிறார். முதியோர் இல்லமொன்றில் சமைக்கிறார். ஜேர்மன் பத்திரிகை வாசிக்கிற அளவுக்கு மொழி வந்துவிட்டது. அந்த இடத்தின் உண்மைச் சரித்திரத்தை அவர் எங்காவது வாசித்திருக்கலாம், வாசிக்காமலும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் தொலைபேசி எடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுக்கிறேன். குளிர் எப்படி என்று அவர் கேட்கிறார். நான் குளிரைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

மடத்துக்குப் போன அன்றைக்கு நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா எங்களுக்கு முன்பே வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். சித்தி நேரே குசினிக்குள் போனார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அம்மா, சித்தி கதைச்சவ!"

அம்மா நிமிர்ந்தார். "என்ன கதைச்சவ?"

"கன கதைச்சவ. கோயில்லை சனமாம். தன்ர மகனைக் காத்து வாற பக்கம் படுக்க விட்டவவாம். ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை, சித்திக்கு மகன் இருக்கிறார் எண்டு?"

அம்மாவின் ஒரு காலில் சப்பாத்து இருந்தது. மற்றது கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, ஒற்றைச் சப்பாத்தோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டில் குசினிக் கதவைச் சாத்துவதில்லை. அதற்குக் கதவு இருப்பதே எனக்கு மறந்திருந்தது.

நான் தட்டினேன். "கொஞ்சம் பொறு பிள்ளை," என்றது அம்மாவின் குரல். பிறகு அந்தக் குரல் உள்ளே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன சொல் என்று கதவில் காதை வைத்தும் எனக்குப் பிடிபடவில்லை.

எனக்குக் கோபமாக இருந்தது. நான்கு மாதம் வாய் திறக்காத ஆளைப் பேச வைத்தது நான். இப்போது மிச்சக் கதை முழுவதையும் அம்மா தனியாகக் கேட்கிறார். அந்த மகனுடைய பெயரைக்கூட நான் கேட்காமல் விட்டுவிட்டேன். ஆறு வயதென்றால் இங்கே முதலாம் வகுப்பு. என்னுடைய பாடசாலையில்தான் சேர்ப்பார்கள். காலையில் நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வீதி கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வகுப்பில் மற்றவர்கள் சொல்வதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவன் எப்போது வருவான் என்பதைக் கதவு திறந்ததும் முதல் வேலையாகக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்து, அம்மாவின் ஒற்றைச் சப்பாத்துக்குப் பக்கத்தில், நிலத்தில் உட்கார்ந்துகொண்டேன்.